நாலரை மணி பஸ்

தட்டை மூடி போட்டு மூடிவிட்டு, வாசல் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வலது கால், மாவுக்கட்டோடு, கவிழ்த்து வைத்த வாளியின்மேல் நீட்டிக் கிடந்தது. கட்டின்மேல் அங்கங்கே பச்சையாக அரைத்த மாவு சிந்திக் காய்ந்திருந்தது. மாவுக்கட்டு என்ற பெயர் அன்றைக்குத்தான் முழுசாகப் பொருந்தியது. வீடெல்லாம் வெந்த பாசிப்பயறு வாசனை.

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு ஊடே மற்ற சத்தங்களைப் பிரித்துக் கேட்கத் தெரியும். நான் பள்ளிக்கூட வேனின் ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன். நடு ரோட்டில் கைகாட்டி வண்டியை நிறுத்தி டிக்கெட் பரிசோதகர் ஏறும்போதுகூட என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை. மூடிக்கு அடியில் இருப்பதை என் மகன் தின்பானா, மாட்டானா? விஷயம் அவ்வளவுதான். ஆனால் டாக்டர் கொடுத்திருந்த ஒரு மாதத்தில் சில நாட்கள் ஏற்கெனவே வீணாகப் போயிருந்தன.

சோப்புத் தண்ணீர்

போன வாரம் வரைக்கும் இந்தத் தொடரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் நடுவே ஏறி இறங்கியவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரக் கதை வீட்டில்தான். கால் ஒடிந்தவன் வேறு எங்கே போவான்?

கால் எப்படி ஒடிந்தது என்று கேட்டவர்கள் எல்லோரும் என் பதிலில் ஏமாந்துதான் போனார்கள். கண்டக்டர் என்றால் படிக்கட்டிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் விழுந்தது எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீரில்.

என்னோடு ஓடுகிற டிரைவர் மைதீன், கடையநல்லூர்க்காரர், பார்க்க வந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாயகம், இத வெளிய சொல்லாதேயும் வே. டிப்போ மானம் போயிரும்."

போகும்போது, அவர் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனார். அந்த டப்பாவுக்கு என்ன வேலை வரப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் மனைவி செல்விக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. காலையில் சமையலை முடித்துவிட்டுப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். எனக்கு வழக்கமாக மத்தியான வண்டி. அதனால் சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத சங்கதி.

கால் ஒடிந்த புண்ணியத்தில் அதை உட்கார்ந்து பார்த்தேன். மூத்தவள் பவித்ரா ஆறாம் வகுப்பு, இளையவன் கதிர் இரண்டாம் வகுப்பு. வந்ததும் பையை ஒரு மூலையில் வீசினார்கள். முக்குக் கடையில் தோரணமாகத் தொங்குகிற பாக்கெட்டில் ஆளுக்கு ஒன்று கிழித்தார்கள். பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் குடித்தார்கள். டிவியைப் போட்டார்கள். விரலெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மசாலாத் தூள். ராத்திரி சோறு போட்டால் கதிர், "வயிறு ரொம்பிட்டு" என்பான்.

பிரேயரில் விழுந்தவன்

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிரேயர் நடக்கும்போது கதிர் மயங்கி விழுந்துவிட்டான் என்றார்கள். செல்வி கடையிலிருந்து அப்படியே ஓடினாள். நான் வீட்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

டாக்டர் அம்மா அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாராம். ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். ரத்தம் ரொம்பக் கம்மி. டானிக் எழுதிக் கொடுத்தார். அது உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு செல்வி மறுபடியும் கூட்டிக்கொண்டு போனாள்.

சாயங்கால டீயை நிறுத்தச் சொன்னார் டாக்டர். அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தைச் சேரவிடாதாம். கீரை, பயறு, எள், கேழ்வரகு, பேரீச்சம்பழம் கொடுங்கள், கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேருங்கள் என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்கலாம், ஏறவில்லை என்றால் படுக்க வைத்து நரம்பில் ஊசி போட்டு ஏற்றவேண்டி வரும் என்றும் சொன்னார். அதை கதிர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

அன்று ராத்திரி என்னிடம் வந்து, அந்த ஊசி எவ்வளவு பெரிசு என்று கேட்டான். தெரியாது என்றேன். கட்டுப்போட்ட என் காலைத் தடவிப் பார்த்தான். "ஒனக்கு வலிச்சத விட வலிக்குமா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் செல்வி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவளிடம், நாலரை மணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுவரை நான் வீட்டில் அடுப்புப் பற்ற வைத்ததே இல்லை. அவள் என்னையும் பார்த்தாள், என் காலையும் பார்த்தாள்.

"ஒத்தக் கால வச்சிக்கிட்டு என்னத்தச் செய்யப் போறிய?" என்றாள்.

"கைதான ரெண்டும் இருக்கு."

காக்காய்க்குக் கொண்டாட்டம்

முதல் நாள் கேழ்வரகுப் புட்டு. தண்ணீர் பத்தவில்லை. கதிர் ஒரு வாய் போட்டுவிட்டு இருமினான். மூக்கு வழியாகக் கேழ்வரகு வந்தது. பவித்ரா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆத்து மணல் மாதிரி இருக்குப்பா" என்றாள். மிச்சம் கொல்லைச் சுவருக்குப் போனது, காக்காய்களுக்கு.

அடுத்து முருங்கைக் கீரை போட்ட அடை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல கதிர் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் அடுக்கினான். அவ்வளவு பொறுமை அவனுக்கு எங்கிருந்து வந்ததோ! வீட்டுப் பாடத்தில் அதில் பாதி இருந்திருந்தால் போதும். இலையை எல்லாம் எடுத்த பிறகு அடை சல்லடை மாதிரி இருந்தது. அதையும் அவன் தின்னவில்லை. அதுவும் சுவருக்குப் போனது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கொல்லையில் காக்காய்கள் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றிரண்டு என்னைப் பார்த்தால் கரையக்கூடச் செய்யாது. தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

நான் அவனை அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஊசியைச் சொல்லிப் பயமுறுத்த மட்டும் மனசு வரவில்லை.

பிறகு எள்ளும் நிலக்கடலையும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்தேன். இடிக்கிற வேலை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் தன்னம்பிக்கை இருந்தது. வாசனையும் ஊரைக் கூட்டியது. கதிர் ஓர் உருண்டையை எடுத்தான், பார்த்தான், தரையில் வைத்து விரலால் சுண்டினான். அது உருண்டு போய் இன்னோர் உருண்டையில் 'டக்' என்று மோதியது. அக்காவும் தம்பியும் குப்புறப் படுத்து கோலி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கம்பை ஊன்றி எழுந்துவிட்டேன். அப்போது கதிர் தலையைத் தூக்கிச் சிரித்தான். மயங்கி விழுந்த நாளிலிருந்து அவன் முகத்தில் நான் சிரிப்பைப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே, தரையில வேண்டாம். அந்தப் பெரிய தாம்பாளத்த எடு. அடிச்சவன் அடிச்ச உருண்டையத் திங்கணும். அதான் ஆட்டம்" என்றேன்.

அன்றைக்கு அவன் நாலு உருண்டை தின்றான். நாலும் அக்காவிடம் ஜெயித்தது.

யானையா, எருமையா

தின்னச் சொன்னால் மாட்டான், விளையாடச் சொன்னால் வருவான் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் கோலி ஆட்டம் மறுநாளே அவனுக்குச் சலித்துவிட்டது. பச்சைக் கீரை உள்ளே போகிற வழி இன்னும் தெரியவில்லை.

கேழ்வரகு மாவில் கருப்பட்டிப் பாகு விட்டு, கொழுக்கட்டையில் மிருகங்கள் செய்தேன். மாவைச் சூட்டோடு பிசைந்தால்தான் உருவம் நிற்கும் என்பது மூன்று முயல்கள் கரைந்துபோன பிறகு தெரிந்தது. யானை என்று ஒன்றை வைத்தேன். பவித்ரா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எப்பா, இது யானையா எருமையா?"

"யானைதான். தும்பிக்கை தெரியல?"

"அது வாலுன்னு நெனச்சேன்."

கதிர் யானையின் தும்பிக்கையை மட்டும் தின்றுவிட்டு, இப்போது எருமை ஆயிட்டு என்றான். மற்றதெல்லாம் தட்டிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மைதீன் மறுபடியும் வந்தார். நான் எருமையைக் காட்டி என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்குப் பதிலாக ஓடுகிற கண்டக்டரைப் பற்றிப் பேசினார். பையன் விசில் ஊதத் தெரியாமல் ஊதுகிறானாம், வண்டி நிற்பதா போவதா என்றே தெரியவில்லையாம். கதிர் கிட்டத்தில் வந்து நின்று அத்தனையையும் கேட்டான். புளியங்குடியில் எத்தனை நிமிஷம் நிற்கும், சொக்கம்பட்டியில் நிற்குமா என்று கேள்வி மேல் கேள்வி. மைதீன் போன பிறகு என் காக்கிப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யானை செய்ய வராது. பஸ்ஸை எனக்குத் தெரியும்.

பச்சை வண்டி

ராத்திரியே பாசிப்பயறையும் ஒரு கைப்பிடி பச்சரிசியையும் ஊறப் போட்டேன். மறுநாள் முருங்கை இலையைக் காம்பில்லாமல் உருவி, இஞ்சி, சீரகம், உப்போடு எல்லாவற்றையும் சேர்த்து மைய அரைத்தேன். சதுரமான டிபன் டப்பாவில் எண்ணெய் தடவி மாவை ஊற்றி, இட்லிக் கொப்பரைக்குள் இறக்கி வேகவைத்தேன். ஆறியதும் கவிழ்த்தால், நல்ல பச்சைக் கட்டியாக வந்து விழுந்தது. பாதியைக் கத்தியால் பஸ்ஸாக வெட்டிவிட்டு, மீதியை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். பஸ்ஸே பச்சை. இலை எங்கே என்று அவன் எதைப் பொறுக்குவான்?

சக்கரத்துக்கு மைதீன் கொடுத்த பேரீச்சம்பழத்தை வட்டமாக நறுக்கினேன். முன் விளக்குக்கு இரண்டு மாதுளை முத்து. கூரையில் குழி தோண்டி, அவித்த கொண்டைக்கடலையைப் பயணிகளாக உட்காரவைத்தேன். தட்டின் குறுக்கே கறுப்பு எள்ளுப்பொடியைப் பரப்பி ரோடு போட்டேன். தார் ரோடு தோற்றுவிடும். ரோட்டோரத்தில் எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று. எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர், அதுதான் புளியங்குடி.

அதற்குப் பிறகுதான் மூடியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஹாரன் கேட்டது. கதிர் வழக்கம்போலப் பையை வீசினான். நான் மூடியைத் தூக்கினேன்.

அவன் நின்றான். கிட்டே வந்து தட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். இத்தனை நாளில் நான் வைத்த பலகாரத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"எந்த ரூட்டுப்பா?"

"தென்காசி. புளியங்குடி வழி."

பவித்ரா என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கிக் குரலில், தென்காசி செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது என்று அறிவித்தாள். நான் விசிலை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

"ஒரே ஒரு சட்டம்தான் மக்கா. ஸ்டாப் வந்தா ஆளு இறங்கணும். இறங்குத எடம் ஒன் வாயி."

அவன் விசில் ஊதினான். வண்டி எள்ளுப்பொடியில் தடம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. புளியங்குடியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு இரண்டு பேரை இறக்கினான். மென்றான். சொக்கம்பட்டியில் ஆள் இல்லை, ஆனால் டயர் பஞ்சர் என்று சொல்லி ஒரு சக்கரத்தைக் கழற்றித் தின்றான். கடையநல்லூரில் கூட்டமாக இறங்கினார்கள். பயணிகள் தீர்ந்துபோயிற்று.

இனிமேல்தான் பஸ். நான் அவனைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன். பார்த்தால் நின்றுவிடுவானோ என்று பயம். இடைகால் ஸ்டாப்பில் பின் சீட்டு காணாமல் போனது. அதை எனக்குச் சொன்னது பவித்ராவின் கை. என் தோளை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. தட்டைப் பார்த்தேன். பஸ் இல்லை. ரோடும் முக்கால்வாசி இல்லை. அவன் வாயைச் சுற்றிக் கறுப்பாக எள்.

"எப்பா, தென்காசி வந்திட்டு. திரும்பி வார பஸ் எப்பம்?"

டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் கம்பை எடுக்கக்கூட மறந்து, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அடுப்படிக்குப் போனேன். கொப்பரை மூடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த பஸ்ஸை வெட்ட முடிந்தது.

செல்வி வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தாள். சுவர் காலியாக இருந்தது. திரும்பி வந்து, "எனக்கு ஒரு சீட்டுக்கூட வைக்கலியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் ஒரு பஸ்ஸை அவளுக்காக மூடி வைத்திருப்போம்.

டாக்டர் கேட்டது

அடுத்த நாள் ரூட் மாறியது, ராஜபாளையம். அதற்கு அடுத்த நாள் வண்டியே மாறியது. கேழ்வரகுக் கொழுக்கட்டையை நீளமாகப் பிடித்து ரயில் விட்டோம். பெட்டிகளைச் சேர்க்கத் தென்னை ஈர்க்கு. ஒரு பெட்டியில் கடலை, ஒரு பெட்டியில் தேங்காய்ப் பூ, கடைசிப் பெட்டியில் என்ன சரக்கு என்பது அவன் கடித்தால்தான் தெரியும். கப்பல் ஒன்று முயற்சி செய்தேன். அது ரசத்தில் மூழ்கிவிட்டது. எதிர்வீட்டுத் தறிக்காரர் மகளும் அவள் கூட்டாளிகளும் நாலரைக்கு வந்து சேர ஆரம்பித்தார்கள். பவித்ரா வாசலில் நின்று வரிசை பார்த்து உள்ளே விடுவாள். காக்காய்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டன.

மாதம் முடிந்தது. நானும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடப் போனேன். ரத்தம் எடுக்கும்போது கதிர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் அழவில்லை. டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்தார், அவன் இமையை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது, ஊசி வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார். செல்வி என் கையை அழுத்திய அழுத்தில் விரல் வலித்தது.

"அப்படி என்னடா சாப்பிட்ட?" என்று அவனைக் கேட்டார்.

"பஸ்" என்றான் கதிர். "டெய்லி ஒரு பஸ்ஸு. சில நாள் ரெண்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டுகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வண்டி

கட்டுப் பிரித்தார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் கதிர்தான் கேட்டான், இனிமேல் நாலரைக்கு யார் என்று. மத்தியான வண்டிக்குப் போனால் நான் இல்லை. செல்வி இல்லை. மறுபடியும் முக்குக் கடைதான்.

டிப்போவுக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். எனக்கு விடிகாலை முதல் வண்டி வேண்டும் என்றேன். அது யாரும் கேட்டு வாங்குகிற வண்டி இல்லை. ஊர் தூங்கும்போது எழுந்து குளித்து ஓடவேண்டும். அதைத் தள்ளிவிடத்தான் எல்லோரும் அவரிடம் வருவார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காரணம் கேட்டார்.

"சாயங்காலம் பிள்ளையளுக்குப் பலகாரம் செய்யணும் சார்."

அறையில் இருந்த இரண்டு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. பஸ்ஸிலிருந்து ரத்தப் பரிசோதனை வரைக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. மேலாளர் பட்டியலை இழுத்து, முதல் வண்டியில் என் பெயரைப் போட்டார். போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, தன் மகள் கீரை என்றாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுவாள் என்றார். அந்தப் பச்சை வண்டியை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பயறு ஊறுகிற இடத்திலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தி, தன் மனைவிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சிரித்தவர்களில் ஒருவர் கதவோரமாக வந்து நின்று காதைக் கொடுத்தார்.

"ராத்திரியே ஊறப் போட்டிருங்கம்மா" என்றேன். அந்தப் பக்கத்தில், ஒரு நிமிஷம் இருங்க, எழுதிக்கிடுதேன் என்றார்கள். பேனா தேடுகிற சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. நாளையிலிருந்து என் வண்டி மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கே டிப்போவுக்குத் திரும்பிவிடும்.